சார்ஜர் செருகினால் ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று இரைச்சல்: தாத்தாவின் நாகஸ்வர கேசட்டை ஏற்ற முடியவில்லை

கேள்வி (ஆடுதுறைப் பக்கம்)

வணக்கம். என் தாத்தா நாகஸ்வரம் வாசித்தவர். நரசிங்கம்பேட்டையில் கடைந்த ஆச்சா மரத்து வாத்தியம் இன்னும் வீட்டில் இருக்கிறது. ஆனால் அவர் வாசிப்பு என்று மிஞ்சியிருப்பது 14 கேசட்டுகள்தான். 1986, 87 வாக்கில் சாமி புறப்பாட்டின்போது சித்தப்பா பதிந்தவை. நாடா உதிர்ந்துபோவதற்குள் லேப்டாப்பில் ஏற்றிவிட வேண்டும்.

டேப் டெக்கின் ஹெட்போன் துளையிலிருந்து லேப்டாப்பின் மைக் துளைக்கு ஒரு ஒயர். பழைய லேப்டாப், மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனித் துளை உண்டு. பதிந்துகொண்டே ஹெட்போனில் கேட்கிறேன். பாட்டுக்குக் கீழே 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். நாகஸ்வரம் ரெண்டு கட்டை சுருதி. இந்த இரைச்சல் மத்தியமம் ('ம' ஸ்வரம்) மாதிரி வருகிறது, ஆனால் சேராமல் கொஞ்சம் ஏறி நிற்கிறது. கம்பீர நாட்டை ராகத்தில், புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி போகும்போது கூடவே யாரோ தப்பான சுருதிப்பெட்டியைத் திறந்து வைத்தது போல் இருக்கிறது. காது வலிக்கிறது.

நான் பார்த்தவரை: சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் உடனே நிற்கிறது. சார்ஜர் இருந்து, டெக் ஒயரை எடுத்தாலும் நிற்கிறது. இரண்டும் சேர்ந்தால் வருகிறது. லேப்டாப்பின் உலோக மூடியில் உள்ளங்கையை வைத்தால் குறைகிறது, விரலில் சுருசுரு என்று ஏறுகிறது. ஹெட்போன் மாற்றிப் பார்த்தேன், டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன், பலனில்லை. பேட்டரியிலேயே ஓட்டலாம் என்றால் 25 நிமிடம்கூட நிற்பதில்லை. கேசட்டின் ஒரு பக்கமே 30 நிமிடம்.

சர்வீஸ் கடையில் சவுண்டு சிப் போய்விட்டது, போர்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில் 1 (மன்னார்குடி, கல்லூரி மாணவன்)

அக்கா, போர்டை மாற்றாதீர்கள். சிப் கெட்டிருந்தால் பேட்டரியிலும் இரையும்.

நீங்கள் சுருதி சொன்னது ரொம்ப உதவி. நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. ரெண்டு கட்டைக்கு மத்தியமம் 98 ஹெர்ட்ஸ் சுமார். அதனால்தான் சேராமல் ஏறி நிற்கிறது. உங்கள் காதில் விழுவது வீட்டுக் கரண்டேதான்.

இன்னொன்று. விண்டோஸில் ஸ்பீக்கர் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, ரெக்கார்டிங் பகுதியில் மைக்கின் லெவல்களைப் பாருங்கள். 'மைக் பூஸ்ட்' எவ்வளவு இருக்கிறது? 30 டெசிபல் என்றால் மின்னழுத்தம் ஏறக்குறைய 32 மடங்கு பெருக்கப்படுகிறது. பேச்சு மைக்குக்கு அது வேண்டும், டெக்கிலிருந்து வருவதற்கு வேண்டவே வேண்டாம். பூஜ்யத்தில் வையுங்கள். டெக்கின் வால்யூமையும் பாதிக்குக் கீழே வையுங்கள், இல்லாவிட்டால் சீவாளி (நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல்) சத்தம் பிளந்துவிடும்.

மிச்சம் இருந்தால், ஆடாசிட்டி என்கிற ஒலிப்பதிவு மென்பொருளில் நாட்ச் ஃபில்டர் இருக்கிறது, சொன்ன ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும். 50, 100, 150 மூன்றையும் வெட்டிவிடலாம்.

பதில் 2 (பாபநாசம், 31 வருடமாக ஒயரிங் வேலை)

அம்மா, தம்பி சொன்னது சரி. ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது விரலில் ஏறும் அந்தச் சுருசுருதான். அது எர்த் இல்லாததன் அடையாளம். சார்ஜர் மூன்று பின் என்றால், உள்ளே கரண்டிலிருந்து லேப்டாப்பின் உலோக உடம்புக்குச் சின்னச் சின்னக் கண்டென்சர்கள் இருக்கும். அதில் கசிவது எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் அறுந்திருந்தால் லேப்டாப் உடம்பு 230 வோல்ட்டில் பாதி அளவுக்கு மிதந்துகொண்டிருக்கும். கரண்டு குறைவுதான், ஆளை அடிக்காது. ஆனால் போக வழி தேடி உங்கள் டெக் ஒயருக்குள் சுற்றியிருக்கும் கம்பி வலை வழியாக ஓடுகிறது, அதுதான் காதில் கேட்கிறது. ஒயரை எடுத்ததும் நின்றது அதனால்தான்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுக் கிணற்றடியில் விட்டிருப்பார்கள். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தால் ஈரம் பிடித்து நன்றாக வேலை செய்யும். பங்குனி, சித்திரையில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும்போது குழியும் காய்ந்து எர்த் சும்மா பேருக்கு நிற்கும். பிளக் பெட்டிக்குள் எர்த் ஒயர் கழன்று கிடப்பதும் சகஜம்.

ஒயரிங் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் எவ்வளவோ, பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு வர வேண்டும். ஒன்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்: இரைச்சல் போக வேண்டும் என்று யாராவது எர்த் பின்னை வெட்டச் சொன்னாலோ, நியூட்ரலையும் எர்த்தையும் பெட்டிக்குள் முறுக்கிவிட்டாலோ கேட்காதீர்கள். நியூட்ரல் அறுந்த அன்று கிரைண்டர், மோட்டார் உடம்பெல்லாம் பேஸ் ஏறி நிற்கும். ஈரக்கையோடு தொடுகிறவர் போய்விடுவார்.

கேட்டவர் (ஐந்து நாள் கழித்து)

ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி.

பூஸ்ட் 30-ல்தான் இருந்தது. பூஜ்யத்துக்கு இறக்கியதும் இரைச்சல் முக்கால்வாசி அடங்கியது. மறுநாள் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். கூடத்துப் பிளக்கைக் கழற்றினால் எர்த் ஒயர் பச்சை பூத்து, திருகாணியில் ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. நறுக்கி, சுரண்டி, புதிதாக முறுக்கினார். கிணற்றடிக் குழியில் எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றினோம். மீட்டரில் பேஸ்-நியூட்ரல் 226, பேஸ்-எர்த் 223. சுருசுரு இல்லை, 'ம்ம்ம்' இல்லை.

நாட்ச் ஃபில்டர் போடவில்லை, தம்பி. 100-ஐ வெட்டிப் பார்த்தேன். தவிலின் தொப்பிப் பக்கம் விழும் அடி காலியான தகரத்தைத் தட்டுவது போல் ஆகிவிட்டது. அந்தத் தவில்காரரும் இப்போது இல்லை, அவர் கையை நான் வெட்ட மாட்டேன். நாடாவின் 'ஸ்ஸ்' அப்படியே இருக்கட்டும்.

முதல் கேசட் முடிந்தது. மல்லாரிக்கு முன்னால் 'பீ' என்று சின்னதாக இரண்டு தடவை கேட்கிறது. தாத்தா சீவாளியை நாக்கில் நனைத்து ஊதிப் பார்க்கிறார். இத்தனை நாள் அது இரைச்சலுக்கு அடியில் கிடந்திருக்கிறது. அம்மாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன், அந்த இடத்தையே நாலு தடவை போடச் சொன்னாள்.

பதில் 2 (பாபநாசம்)

சந்தோஷம் அம்மா. ஆற்றில் தண்ணீர் வரும்வரை வாரம் ஒருமுறை குழிக்கு இரண்டு குடம் ஊற்றுங்கள். மிச்சம் 13 கேசட்டும் ஏறட்டும்.