வெலிங்டன் போட்டிக்கு ஃபோம் இறக்கை: தோள்பாரம், பிரியும் பசை

கேள்வி: நியூசிலாந்தின் 'வேர்ல்ட் ஆஃப் வேரபிள் ஆர்ட்' (உடுத்தும் கலைப் படைப்புகளுக்கான) போட்டிக்கு 5 மி.மீ. ஈவிஏ ஃபோமில் (ரப்பர் போன்ற இலேசான நுரைத்தாள்) இறக்கை உடை செய்கிறேன். எடை 4 கிலோ. தோள் இழுக்கிறது, விளிம்புகளும் பிரிகின்றன. என்ன செய்யலாம்?

பதில் 1: தோளில் தொங்கவிடாதீர்கள். மலையேற்றப் பையின் அலுமினியச் சட்டத்தை இடுப்புப் பட்டையோடு உள்ளே பொருத்துங்கள். பாரம் இடுப்பெலும்பில் இறங்கும். பசை எது?

கேட்டவர்: ஹாட் க்ளூ (சூட்டில் உருக்கி ஒட்டும் பசை).

பதில் 2: அதுதான் கோளாறு. போட்டிக்கு அனுப்பும் பார்சல் வெயிலில் சூடானால் பசை இளகிவிடும். காண்டாக்ட் சிமென்ட் என்ற பசையை ஒட்டவேண்டிய இரு பரப்பிலும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் (10 நிமிடம் போல) அழுத்துங்கள். ஈரத்தோடு சேர்த்தால் பிடிக்காது. பெயின்ட்டுக்கு முன் ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) காட்டினால் ஃபோமின் நுண்துளைகள் மூடும்.

பதில் 3: மேடையில் அணியப்போவது வேறொருவர். அவர் அளவுக்கு இறுக்க, பட்டைகளில் பக்கிள் வையுங்கள். உடுத்தும் வரிசையைப் படமெடுத்துப் பெட்டியில் போடுங்கள்.