மிகைத்திடுக்க விறைப்பு: 'வெருட்சி நோய்' ஏன் வேண்டாம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

சின்னச் சத்தத்துக்கும் குழந்தை அளவுமீறித் திடுக்கிட்டு விறைத்துப்போகும் பிறவி நோய் ஹைப்பரெக்பிளெக்சியா. அதற்குத் தமிழ்ப் பெயராக வந்த 'வெருட்சி நோய்' என்ற முன்மொழிவை நேற்றிரவு இரண்டு மூன்று தடவை வாசித்தேன். சொல் அழகானது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்துவிட்டு, வெரூஉதலை, அதாவது திடீரென வெருளுவதை, வேறாக எண்ணுகிறது என்ற வாதமும் சரி. ஆனாலும் மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதை என்னால் ஏற்க முடியவில்லை.

களுவாஞ்சிகுடிப் பக்கம் உறவுக்காரர் வீடு. கைக்குழந்தை பாயில் கிடந்தது. குசினியில் சட்டிமூடி ஒன்று சீமெந்துத் தரையில் விழுந்தது. எல்லாரும் திடுக்கிட்டோம், உடனே மறந்தோம். குழந்தை மட்டும் விறைத்துவிட்டது. கைகள் மார்போடு இறுகின, உடம்பு பலகையானது, உதடு நீலம் பாரித்தது. கண் மட்டும் திறந்தபடி எங்களையே பார்த்தது. ஆச்சி முதலில் கேட்டது, "ஆரு மகள் புள்ளைய வெருட்டின?" தாய் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மந்திரித்துப் பார்வை பார்த்தார்கள், நூல் கட்டினார்கள். அதற்குப் பிறகு வலிப்பென்று மாதக்கணக்கில் மருந்து.

எங்கள் பேச்சில் வெருட்டுவது என்றால் பயமுறுத்துவது, அதற்கு ஓர் ஆள் வேண்டும். 'வெருட்சி' என்று கிளினிக் கொப்பியில் எழுதினால், அந்த ஆளைத் தேடுவார்கள். பழி பெரும்பாலும் தாயின் தலையில் விழும். இந்த நோயில் வெருட்டினவர் யாருமில்லை. தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் நரம்புகளை அடக்கி வைப்பது கிளைசீன் என்னும் பொருள். பெரும்பாலானவர்களில் அதை வாங்கும் ஏற்பி பிறவியிலேயே பழுதாக இருப்பதால், திடுக்கிடல் தொடங்கினால் அதைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. எட்டிக்கொட்டையின் நஞ்சும் இதே ஏற்பியைத்தான் அடைக்கிறது. அந்த நஞ்சு ஏறினவர் சின்னச் சத்தத்துக்கும் விறைப்பது அதனால்தான். குழந்தையின் மனதில் பயம் இருக்கிறதா இல்லையா என்பதே இங்கே கேள்வியில்லை.

இதே நோய்க்குத் 'திடுக்கு வலிப்பு' என்று பெயர் சொன்னவருக்கும் ஒரு வார்த்தை. விறைக்கும் நேரத்திலும் நினைவு தப்புவதில்லை. மூக்கு நுனியை வைத்தியர் விரலால் மெல்லத் தட்டிப் பார்ப்பார். மற்றக் குழந்தைகள் சில தட்டுக்குள் பழகிவிடும். இந்தக் குழந்தையின் தலை ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் வெட்டும். வலிப்பென்று பெயர் வைத்தால் மருந்தும் வழிமாறிப் போகக்கூடும். இதற்குப் பலருக்குக் கைகொடுப்பது குளோனசிபாம் என்னும் மருந்து.

1966இல் நெதர்லாந்துக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்தவர்கள் கிரேக்க வேரிலிருந்து ஒரு பெயரை எடுத்தார்கள். இன்று ஹைப்பரெக்பிளெக்சியா என்கிறோம். அதில் மிகை உண்டு, திடுக்கு உண்டு, விறைப்பு இல்லை. திடுக்கிடாத பச்சைக்குழந்தை எங்கே இருக்கிறது? 'மிகைத்திடுக்கம்' என்று மட்டும் சொன்னால் "எல்லாப் புள்ளையும் அப்படித்தானே" என்று விட்டுவிடுவார்கள். உயிருக்கு ஆபத்து விறைப்பில்தான், மூச்சு அங்கேதான் நிற்கிறது. ஆகவே மிகைத்திடுக்க விறைப்பு. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாகரையில் ஒரு தாய் அதைக் கேட்டவுடன் தன் பிள்ளைக்கு நடப்பது இன்னதென்று கண்டுகொள்வாள்.

சொல்லின் கீழே ஒரு வரியும் சேர்க்க வேண்டுகிறேன். இத்தாலிய வைத்தியர் விஜெவானோ 1989இல் எழுதிய முறை அது: குழந்தை விறைத்தால் தலையையும் கால்களையும் வயிற்றுப் பக்கமாக மடித்துப் பிடியுங்கள், விறைப்பு விடும். அன்று அந்தத் திண்ணையில் எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. கைக்குழந்தையின் விறைப்பு ஒரு வயதளவில் பெரும்பாலும் தளரும். ஆனால் நடக்கத் தொடங்கினபின், திடுக்கிட்டதும் கையை ஊன்ற முடியாமல் மரம்போல விழுவார்கள். அதற்கு 'நெடுஞ்சாண் வீழ்ச்சி' என்று குறித்து வைத்திருக்கிறேன். கோயிலில் கும்பிட்டு விழுவது நினைவுக்கு வருமோ என்ற தயக்கம் இருக்கிறது. வேறு சொல் இருந்தால் தாருங்கள்.