ஓய்வுக்குப் பிறகு கை வறண்டவர்கள்: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

மழைக்காகம்:
எங்கள் பழைய மேலாளர் போன வாரம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். ஓய்வு பெற்றுச் சில வருடம் ஆகிறது. வேலையில் இருந்தபோது எப்படி இருப்பார் என்று விளக்கத் தேவையில்லை, எல்லா அலுவலகத்திலும் அப்படி ஒருவர் உண்டு. கார் கடன் முடிவதற்குள் அடுத்த கார். புது போன் வந்தால் முதலில் அவர் கையில்தான்.

நான் கீழே இறங்கியபோது வாசலில் வருகைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் என் பெயர். நான் அவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தவன். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் 'நட்புமுறை' என்று எழுதி, அதை அடித்துவிட்டு 'வேலை' என்று எழுதியிருந்தார். கையெழுத்து மட்டும் அதே பழைய பந்தாவோடு இரண்டு வரியை அடைத்துக்கொண்டு கிடந்தது.

பகுதிநேரமாக எதுவானாலும் சரி என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். அந்த அடித்த கோடு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

கடைசிபெஞ்ச்:
அவர் ஊதாரித்தனத்தால்தான் இப்படி ஆனார் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? வீட்டில் என்ன நடந்ததோ!

என் பெரியப்பா வாழ்நாளில் தனக்கென்று ஒன்றும் வாங்கிக்கொள்ளாதவர். ஓய்வுப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்த வாரமே மகன் தொழிலுக்குக் கேட்டான், கொடுத்துவிட்டார். அப்புறம் ஒருநாள் பாஸ்புக்கைப் பிரித்து என்னிடம் காட்டினார். மேல் வரியில் வரவு, அடுத்த வரியிலேயே பற்று. நடுவில் வேறு ஒரு பதிவும் இல்லை. முப்பது வருட உழைப்பு அந்தக் கணக்கில் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. இதில் செலவாளி யார்?

நடைவண்டி:
இரண்டு பேர் சொல்வதும் ஒரே கதைதான். ஓய்வுப் பணம் 'வந்த பணம்' இல்லை, அடுத்த 25, 30 வருடத்துச் சம்பளம் முன்கூட்டியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் காரும் வாங்கக்கூடாது, மகனுக்கும் தூக்கிக் கொடுக்கக்கூடாது.

நான் பார்த்தது பக்கத்து வீட்டு அண்ணனை. ஒவ்வொரு சம்பள உயர்வும் ஒரு புதிய மாதத் தவணையாக மாறும். இப்போதும் தவணை கட்டுகிறார், சம்பளம்தான் நின்றுவிட்டது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் எல்லாம் இரட்டிப்பு (72ஐ ஏறும் சதவீதத்தால் வகுத்தால் இரட்டிப்பாக எத்தனை வருடம் என்று ஏறக்குறைய வந்துவிடும், 72ஐ 6ஆல் வகுத்துப் பாருங்கள்). 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கு 84 வயதில் அதே வாழ்க்கைக்கு நான்கு மடங்கு பணம் வேண்டும். அடுத்து, ஒருவர் 25 வயதில் தொடங்கி ஆண்டுதோறும் ஒரே தொகையைப் பத்து வருடம் மட்டும் சேமிப்பில் போட்டு நிறுத்திவிடுகிறார், போட்டதை எடுக்கவில்லை. இன்னொருவர் 35ல் தொடங்கி 60 வரை விடாமல் அதே தொகையைப் போடுகிறார். ஆண்டுக்கு 8 சதவீதம் கூட்டு வட்டி என்றால், 60 வயதில் முதலாமவரிடம் ஓர் ஆண்டுத் தொகையைப் போல 99 மடங்கு இருக்கும். இரண்டாமவரிடம் 73தான்.

எவ்வளவு சேர்த்தால் போதும் என்பதற்கு வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் ஒரு கணக்குப் போட்டார். முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால் 30 வருடம் தாங்கும் என்றார். அதாவது ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு கையில் இருக்க வேண்டும். செலவு கூடினால் இரண்டு பக்கமும் அடி: சேர்ப்பதும் குறைகிறது, சேர்க்க வேண்டியதும் கூடுகிறது. இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

மழைக்காகம்:
இதையெல்லாம் அவரிடம் போய்ச் சொல்லச் சொல்கிறீர்களா? 25 வயதில் தொடங்கியிருக்கலாம் என்று?

தாழைமடல்:
நடைவண்டி, அந்த 4 சதவீதம் அமெரிக்கப் பங்கு, கடன்பத்திரச் சந்தைகளின் பழைய வரலாற்றை வைத்துப் போட்டது. 30 வருடத்துக்குத்தான் கணக்கு. ஐம்பதிலேயே வேலையை விடுபவருக்கு அப்படியே பொருந்தாது. நோய்ச் செலவு சதவீதம் பார்த்தா வரும்?

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறேன். வயதான தம்பதி, இருவருக்கும் சிகிச்சை வேண்டும். செலவு விவரத்தைக் கொடுத்ததும் தாளை நடுவில் வைத்துக்கொண்டு, இந்த மாதம் யாருக்குப் பார்ப்பது என்று குசுகுசுவென்று பேசினார்கள். "உங்களுக்குத்தான் ராத்திரி வலிக்குது" என்றார் அந்த அம்மா. அவர் தன் பெயர் போட்ட சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மனைவியின் சீட்டை மட்டும் என் பக்கம் தள்ளினார். அவர்கள் ஒரு காலத்தில் தாம்தூம் என்று செலவழித்தவர்களா, எனக்கு எப்படித் தெரியும்?

நடைவண்டி:
ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் மருத்துவத்துக்குத் தனியாக ஒதுக்கச் சொல்கிறார்கள். காப்பீட்டை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், வயதான பிறகு கட்டணமும் ஏறும், நிபந்தனையும் கூடும். ஆனால் கடைசிபெஞ்சின் பெரியப்பா விஷயத்தில் நான் மாறவில்லை. கொடுத்திருக்கக் கூடாது.

கடைசிபெஞ்ச்:
மகன் எதிரில் நின்று கேட்கும்போது 25 மடங்குக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். தொழில் ஒன்றும் மூழ்கவில்லை, நன்றாகத்தான் ஓடுகிறது. மாதாமாதம் பணமும் கொடுக்கிறான். பெரியப்பாதான் ஒவ்வொரு தடவையும் போன் செய்து ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.