புதுப்பிப்பு: க்ரூகராண்டா, மேப்பிள் லீஃபா?

ஒரு அவுன்ஸ் (தங்கத்துக்கான அளவில் 31.1 கிராம்) தங்க நாணயங்களில் தென்னாப்பிரிக்காவின் 22 காரட் க்ரூகராண்டை வாங்குவதா, கனடாவின் 24 காரட் மேப்பிள் லீஃபை வாங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன், க்ரூகராண்டையே வாங்கிவிட்டேன். 22 காரட் என்பதால் தங்கம் குறைந்துவிடுமே என்று சிலர் ஐயம் எழுப்பியிருந்தீர்கள். குறையாது. தராசு 33.93 கிராம் காட்டியது, அதில் 31.1 கிராம் சுத்தத் தங்கம், எஞ்சியது செம்பு. மேப்பிள் லீஃபின் மொத்த எடையே 31.1 கிராம்தான். செம்பு கலப்பதால் நாணயம் உறுதிப்பட்டு எளிதில் கீறல் விழுவதில்லை. சற்றே சிவந்த அந்த நிறமும் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எடையோடு விட்டத்தையும் தடிமனையும் அளந்து பார்த்தேன். ஆனால் டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி தங்கத்தின் அடர்த்தியை ஏறக்குறைய ஒத்திருப்பதால், அதை உள்ளே பொதிந்த போலிகளைக் கண்டறிய இந்த அளவுகள் மட்டும் போதா என்பதை மனத்தில் கொண்டு, உள்ளே வேறு உலோகம் இருந்தால் காட்டிக்கொடுக்கும் மீயொலிச் (அல்ட்ராசவுண்ட்) சோதனையும் செய்வித்த பிறகே பெட்டகத்தில் வைத்தேன்.