தொண்டையைத் திறக்கப் போய் மூடிக்கொண்ட கதைகள்

பாட ஆரம்பித்த முதல் மூன்று வருடத்தில் நான் அதிகம் கேட்ட வார்த்தை, "தொண்டையைத் திறந்து பாடு". நானும் திறந்தேன். அதாவது, பல் டாக்டரிடம் காட்டுவது போல வாயைப் பிளந்தேன். மேல் ஸ்தாயிக்குப் போனால் குரல் பிசிறும். அரை மணி நேரத்தில் தொண்டை கமறும். மறுநாள் காலை பேச்சே வராது. இன்னும் திறக்கவில்லை போல என்று இன்னும் கொஞ்சம் பிளப்பேன்.

ஒருநாள் நண்பர் ஒருவர் நான் பாடுவதைப் பக்கவாட்டிலிருந்து கைபேசியில் எடுத்துக் காட்டினார். பரணில் எதையோ எட்டி எடுக்கிறவன் மாதிரி, சுரம் ஏற ஏற மோவாயும் மேலே போகிறது. கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறது. பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்புறம் வேறொரு ஆசிரியரிடம் போனேன். அவர் முதலில் பாடவே சொல்லவில்லை. மோவாய்க்கு அடியில், எலும்புக்கு உள்பக்கம் மெத்தென்று இருக்குமே, அங்கே கட்டைவிரலை வைத்து எச்சிலை விழுங்கச் சொன்னார். விழுங்கியதும் அந்த இடம் கல் மாதிரி இறுகி விரலைக் கீழே தள்ளியது. "சரி, இப்போது பாடுங்கள்." பாடினேன். மேல் சுரம் வந்ததும் அதே கல்.

விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறி மூச்சுவழி மூடிக்கொள்ளும். உணவு காற்றுக்குழாய்க்குள் போகாமலிருக்க உடம்பு செய்து வைத்திருக்கும் ஏற்பாடு அது. அடிநாக்கு பிடித்துக்கொண்டிருக்கும் அதே சின்ன எலும்பில்தான் குரல்வளையும் தொங்குகிறது. நாக்கு இறுகினால் அதற்கும் விடுதலை இல்லை. ஆக, மூன்று வருடமாக நான் விழுங்கிக்கொண்டே பாடியிருக்கிறேன்!

அவர் சொன்ன வைத்தியம் இதுதான்: விரலை எடுக்காதே, அந்த இடம் மெத்தென்று இருக்கும் வரைக்கும் மட்டும் பாடு. முதல் வாரம் எனக்குக் கிடைத்தது ஐந்தே சுரம். வாயை மூடி 'ம்', பிறகு தாடை தானாக விழ 'மா'. நாக்கு நுனி கீழ்ப்பல்லைத் தொட்டபடி சும்மா கிடக்க வேண்டும். அந்தச் 'சும்மா' கைவர நான்கு மாதம் ஆனது. மேடை ஏறினால் பழைய கல் இன்றும் சில நாள் எட்டிப் பார்க்கும்.

உங்களுக்கு எப்படி?

*

நான் கொட்டாவியில் ஏமாந்தவள். "கொட்டாவி விடுகிற மாதிரி வைத்துக்கொள்" என்றார்கள். கொட்டாவி தொடங்கும் அந்த முதல் நொடியில் உள்நாக்குப் பக்கம் மேலே எழும்பும், குரல்வளை கொஞ்சம் இறங்கும். அதுவரைக்கும் நல்லதுதான். நானோ முழுக் கொட்டாவியையும் விட்டுக்கொண்டு பாடினேன். அப்போது அடிநாக்கு பின்னால் போய் வழியை அடைத்துவிடுகிறது. எனக்குக் கணீரென்று கேட்டது, பதிவில் பானைக்குள்ளிருந்து வந்தது. காதை நம்பாதீர்கள், பதிவு செய்து கேளுங்கள்.

இன்னொன்று, மூச்சை இழுக்கும்போது சத்தம் கேட்டால் அங்கேயே வழி குறுகிவிட்டது என்று அர்த்தம். சத்தமில்லாமல் இழுத்து, அந்த இடத்தைக் கலைக்காமல் பாட ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. உயரத்தில் 'இ' வந்தால் மட்டும் எனக்கு இன்னும் நெருக்கும். அதைக் கொஞ்சம் 'எ' பக்கம் சாய்த்துவிடுகிறேன். கேட்பவர்களுக்கு 'இ' என்றுதான் கேட்கிறது.

*

சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறேன். எனக்குக் கைகொடுத்தது ஒரு ஸ்ட்ரா. தம்ளரில் பாதித் தண்ணீர், ஸ்ட்ரா இரண்டு விரல் ஆழம் உள்ளே, அதன் வழியாக 'ஊ' என்று மேலும் கீழுமாகப் பாட வேண்டும். வழி குறுகலாக இருப்பதால் காற்று திரும்பி அழுத்தும். அதனால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதாமல் மெல்லச் சேரும். குமிழி ஒரே சீராக வந்தால் சரி. நடுவில் குமிழி நின்றால் அங்கே தொண்டையைப் பிடிக்கிறோம்.

பாட்டுக்கு நடுவில் ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் குரல்நாண் நனையும் என்று நினைத்திருந்தேன். அது போகும் குழாயே வேறு. உடம்பு முழுக்க ஈரம் ஏறித்தான் அங்கே போய்ச் சேரும், அதற்கு நேரமாகும். அதனால் முன்கூட்டியே குடித்துவிடுகிறேன்.

*

எல்லாமே பயிற்சியால் சரியாகும் என்று நானும் நினைத்தேன். ஒரு மாதம் குரல் கம்மலோடே ஸ்ட்ரா, கொட்டாவி, 'மா' எல்லாம் செய்தேன். கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமரா விட்டுப் பார்த்தால், குரல்நாண் இரண்டிலும் சின்ன முடிச்சு. குரல் பயிற்சியாளர் ஒருவரிடம் பேசவே புதிதாகக் கற்றுக்கொண்டேன். கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினால் காட்டிவிடுங்கள்.

*

முதலில் எழுதியவன்தான். ஸ்ட்ராவை இன்று காலை பார்த்தேன், கட்டைவிரலும் மோவாய்க்கு அடியில். நாலு தடவை குமிழி நின்றுபோனது. ஐந்தாவது தடவை, நான் எப்போதும் திணறும் அந்தச் சுரத்தைத் தாண்டியும் விரலுக்கு அடியில் மெத்தென்றே இருந்தது. அடுத்த அறையிலிருந்து மகள் கத்தினாள்: "அப்பா, அடுப்பில் ஏதோ கொதிக்குது!"