முழங்காலில் தானத் திசு வைத்தால் மலையேற முடியுமா?

ஹட்டன் தங்கச்சி: கொழுந்து எடுக்கும் 34 வயது அக்காவுக்கு, தொடை எலும்பு முனையில் 3 சதுர செ.மீ. அளவுக்கு குருத்தெலும்பும் அடி எலும்பும் போய்விட்டதாம். இறந்தவர் திசுவை உடம்பு ஏற்குமா?

பதுளை பிசியோ: ஏற்கும் தங்கச்சி. சேதமான இடத்தை வட்டமாகக் குடைந்து, தானத் திசுவிலிருந்து அதே அளவுத் துண்டை எலும்போடு சேர்த்து எடுத்து இறுக்கிப் பொருத்துவார்கள். குருத்தெலும்பில் இரத்தக் குழாய் இல்லை. அதனால் உடம்பு அதை எதிர்ப்பது குறைவு; கிட்னி மாற்றியவர்கள் போல எதிர்ப்பை அடக்கும் மாத்திரை காலமெல்லாம் வேண்டாம். ஆனால் செல்கள் உயிரோடு இருக்கவேண்டும். 4 பாகை குளிரில் வைத்து ஏறத்தாழ 28 நாளுக்குள் பொருத்தவேண்டும். உறையவைத்தால் செத்துவிடும்.

கண்டி நர்ஸ்: கதிர்வீச்சால் சுத்தமாக்கிய திசு வங்கி எலும்பும் இதற்கு உதவாது. அதனால் உயிர்த் துண்டு கிடைக்குமா என்றுதான் டொக்டரிடம் முதலில் கேளுங்கள். நின்றபடி இடுப்பு முதல் கணுக்கால் வரை எக்ஸ்ரேயும் அவசியம். வளைந்த காலை நிமிர்த்தாமல் துண்டைப் பொருத்தினால் பாரம் ஒரு பக்கம் ஏறி, அது அமிழ்ந்துபோகும். மூட்டு முழுக்கத் தேய்ந்திருந்தால் இது சரிவராது.

பதுளை பிசியோ: பிறகு 6 வாரமாவது ஊன்றுகோல். லயத்துப் படியும் குந்தும் கழிப்பறையும்தான் பெரிய ஆபத்து. கொமோட் நாற்காலி முன்கூட்டியே எடுத்துவையுங்கள். எலும்பு ஒட்டியதை எக்ஸ்ரேயில் பார்க்காமல் கூடையோடு சரிவில் ஏறவிடாதீர்கள். தோட்டத் துரையிடம் இலகு வேலைக்கு டொக்டர் கடிதம் கொடுங்கள்.