சம்பளத்துல பிடிக்கிற யூனியன் சந்தா அரசியலுக்குப் போகலாமா? (கலிபோர்னியா)

ராஜி_சான்ஹோசே:
எல்லாருக்கும் வணக்கம். இங்க அரசுப் பள்ளில டீச்சரா இருக்கேன். மாசாமாசம் யூனியன் சந்தா பிடிச்சிட்டுத்தான் சம்பளம் வரும், இத்தனை நாள் அதைக் கண்டுக்கவே இல்ல. போன வாரம் கூட வேலை பாக்குற ஒரு சீனியர் 2005ல ஜனங்க நேரா ஓட்டுப் போட வந்த ப்ராப் 75ங்கிற (ப்ரொபொசிஷன், அதாவது சட்ட முன்மொழிவு) ஒண்ணு பத்தி சொன்னாங்க, அரசு ஊழியர் சங்கம் சந்தா காசை அரசியலுக்குச் செலவு பண்ணணும்னா ஒவ்வொருத்தர்கிட்டயும் வருஷாவருஷம் எழுத்துல சம்மதம் வாங்கணும்கிறதுதான் அது. எனக்கு நியாயமாத்தான் படுது. நான் ஓட்டே போடாத ஆளுக்கு என் காசு ஏன் போகணும்? ஆனா ஜனங்க அதைத் தோக்கடிச்சிருக்காங்க, ஏன்னு யாராவது சொல்லுங்களேன்.

செந்தில்_ஓக்லண்ட்:
ராஜி மேடம், ஒரு தடவை இல்ல, மூணு தடவை தோத்துச்சு. 1998ல ப்ராப் 226, 2005ல 75, 2012ல 32. முதல் ரெண்டுலயும் 53 சதவீதத்துக்கு மேல எதிர் ஓட்டு, மூணாவதுல 56ஐத் தாண்டிடுச்சு. 2005ல ஷ்வார்ஸ்நெகர் கவர்னர், அதே ஓட்டுச்சீட்டுல டீச்சருங்க ப்ரொபேஷனை 2 வருஷத்துல இருந்து 5 ஆக்கணும்னு ப்ராப் 74ம் இருந்துச்சு, அப்போ வாயைக் கட்டிட்டு வேலையிலயும் கை வைக்கப் பாக்குறாங்கன்னுதானே டீச்சருங்களுக்குத் தோணும்? அந்தத் தேர்தல்ல இருந்த எட்டு ப்ராப்புமே தோத்துச்சு. ப்ராப் 32 கம்பெனிங்களுக்கும் இதே தடைதான்னு சொல்லிச்சு, ஆனா கம்பெனி எங்க ஊழியர் சம்பளத்துல பிடிச்சு அரசியல் பண்ணுது, அது லாபத்துல இருந்து எடுத்துக் குடுக்கும். அடி விழுறது ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். அது சமநீதி இல்லங்க.

வெங்கட்78:
செந்தில் சொல்றதுல பாதிதான் சரி. நான் ஒரு கவுண்டி ஆபீஸ்ல வேலை பாத்தவன், சங்கத்துல சேரல, ஆனாலும் அப்பல்லாம் கட்டணம்னு பிடிப்பாங்க. அரசியலுக்குப் போற பங்கைத் திரும்ப வாங்கணும்னா நானே ஒவ்வொரு வருஷமும் லெட்டர் எழுதணும், தேதி தவறினா அந்த வருஷக் காசு போச்சு, அப்படித்தான் இருந்துச்சு. சும்மா இருந்தாலே சம்மதம்னு எடுத்துக்கிறது எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல. வாஷிங்டன் மாநிலத்துல 1992லயே மக்கள் ஓட்டுப் போட்டு, உறுப்பினர் இல்லாதவங்க காசை அரசியலுக்குத் தொடணும்னா முதல்ல அவங்க சரின்னு சொல்லணும்னு கொண்டு வந்தாங்க, சுப்ரீம் கோர்ட்டும் 2007ல அது செல்லும்னு சொல்லிடுச்சு. ஐடஹோ மாநிலம் சம்பளத்துல அரசியலுக்குன்னு பிடிக்கிறதையே தடுத்துச்சு, அதுவும் 2009ல செல்லும்னாச்சு. கடைசியா 2018ல அதே சுப்ரீம் கோர்ட்டோட ஜேனஸ் வழக்குத் தீர்ப்பு, 5க்கு 4 நீதிபதிங்க. அரசு வேலைல உறுப்பினர் இல்லாதவங்ககிட்ட அவங்களே சரின்னு சொல்லாம ஒரு காசு பிடிக்கக் கூடாது.

ராஜி_சான்ஹோசே:
அப்போ நான் உறுப்பினர்ங்கிறதால என் காசு போயிட்டேதான் இருக்குமா?

வெங்கட்78:
ஆமாங்க, ஜேனஸ் உறுப்பினருக்கு உதவாது. வேலைல சேர்றப்போ கையெழுத்துப் போட்ட சங்க உறுப்பினர் கார்டை எடுத்துப் படிங்க, எப்ப நிறுத்தலாம்னு அதுல இருக்கும், சில கார்டுல வருஷத்துல குறிப்பிட்ட சில நாள்தான் வழி. 2018ல இருந்து இங்க பிடித்தத்தை நிறுத்தச் சொல்லி சங்கத்துக்குத்தான் எழுதணும், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்ல குடுத்தா அங்கயே அனுப்பி விடுவாங்க.

செந்தில்_ஓக்லண்ட்:
விலகுறது உங்க உரிமைதான் மேடம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை மீட்டிங் போய், யாருக்கு எவ்வளவு குடுத்தீங்கன்னு நேரா கேளுங்க. நான் அப்படிக் கேட்டப்புறம்தான் உள்ளயே இருந்தேன், ஸ்கூல் பட்ஜெட் எவ்வளவுன்னு முடிவு பண்றதே மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோல இருக்குறவங்கதான், அங்க நம்ம சார்பா பேச ஆள் வேணும்.